ஏரி தந்த தூரம்

உயரமான கட்டடத்தைப் பக்கத்தில் நின்று எடுத்தால் கேமராவை அண்ணாந்து பிடிக்க வேண்டியிருக்கும். பிடித்த மாத்திரத்தில் சுவர்கள் மல்லாக்கச் சாயும். அதை நேராக்க விலைகூடிய லென்ஸ்கள் உண்டு. உதய்பூரின் ஏரிக்கரை அரண்மனைக்கு அந்த வேலையைப் பிச்சோலா ஏரியே செய்துவிடுகிறது. எதிர்க்கரை அம்ப்ராய் படித்துறையில் முக்காலியை ஊன்றி, கேமராவைச் சமமாக வைத்தால் போதும். அரண்மனை முழுதும் செங்குத்தாக வந்து நிற்கும்.

இந்த அரண்மனையை 16-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் உதய்சிங் தொடங்கினார். பின்வந்த மகாராணாக்கள் ஏறக்குறைய 400 ஆண்டுகள் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஆனாலும் ஏரிப்பக்கமிருந்து ஒட்டுப்போட்ட தடம் தெரியாது. கீழே நெடிய வெற்றுச் சுவர். மேலே போகப்போக ஜரோக்கா என்னும் தொங்குமாடங்களும் சத்ரிக் குடைகளும். வெற்றுச் சுவரை வெட்டிவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுப்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரும் பிழையாகப் படும். அந்தச் சுவரின் மௌனத்தின் மேல்தான் மாடங்களின் அழகு உட்கார்ந்திருக்கிறது.

அம்ப்ராயில் காலை வெயில் அரண்மனைக்குப் பின்னாலிருந்து வரும், நிழலுருவம்தான் கிடைக்கும். அந்தி வெயில் சுவரில் நேராக அடித்து எல்லாவற்றையும் பொன்னாக்கும், தட்டையாகவும் ஆக்கும். எனக்குப் பிடித்தது பனிக்காலப் பிற்பகல். தெற்கே தாழ்ந்த சூரியன் சுவரைப் பக்கவாட்டில் வருட, ஒவ்வொரு மாடமும் தன் நிழலைப் பக்கத்தில் சாய்த்துக்கொள்ளும். செதுக்கலின் ஆழம் அப்போதுதான் படத்தில் ஏறும்.

ஏரி நடுவே, 1746-இல் இரண்டாம் ஜகத்சிங் திறந்துவைத்த ஜக் நிவாஸ் என்னும் வெள்ளை அரண்மனை. வெண்ணிறம் படம் முழுக்க நிறைந்தால் கேமரா மிரண்டு அதைச் சாம்பலாக்கிவிடும். ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்டினால் வெண்மை திரும்பும்.

1870-களில் கல்கத்தாவின் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோவைச் சேர்ந்த கோலின் மரே இதே ஏரியை எடுத்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவிவிட வேண்டிய காலம் அது. ஒளி பதியச் சில நொடிகள் பிடிக்கும். அதற்குள் சிற்றலைகள் ஒன்றில் ஒன்று கரைந்து தண்ணீர் வழவழப்பாகிவிடும். இன்று அதற்கென்றே லென்ஸின் முன் கறுப்புக் கண்ணாடி மாட்டுகிறோம்.

பொழுது சாய்ந்ததும் வானத்தின் நீலமும் அரண்மனை விளக்குகளும் ஈடாக நிற்பது சில நிமிடங்கள்தான். தண்ணீரில் விழும் பிம்பம் அசலைவிட ஒரு படி மங்கலாகவே இருக்கும். அதை அப்படியே விட்டுவிட வேண்டும். படகு ஒன்று குறுக்கே போகிறது. கலைந்த மாடங்கள் மறுபடி கூடும்வரை விரல் பொத்தானிலேயே இருக்கிறது.