குணசேகரனுக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

ஆசிரியர்களே, தேர்வு எழுதப்போகும் மாணவர்களே, முதலில் ஒரு சின்னப் பயிற்சி. ‘குணசேகரன்’ என்ற பெயரை ரோமன் எழுத்தில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து ‘ஜி’யா, ‘கே’யா? ‘சே’க்கு வெறும் ‘எஸ்’ போதுமா, ‘சி எச்’ வேண்டுமா? அடுத்து வரும் ‘க’வுக்கு ‘கே’, ‘ஜி’, ‘எச்’ மூன்றையுமே நம் ஊரில் பார்த்திருக்கிறோம். பெருக்கிப் பார்த்தால் 12 விதம். காப்பாரில் ஒரு வகுப்பறையில் ‘குணசேகரா’ என்று கூப்பிட்டால் ஒரு பையன்தான் எழுந்து நிற்பான். கம்ப்யூட்டருக்கு அவன் 12 பேர்.

இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் ஆறாம் ஆண்டு முடித்து படிவம் ஒன்றுக்குப் போன பிள்ளையின் பெயர் பட்டியலில் கிடைக்காமல் இரண்டு பள்ளிகள் மாறி மாறி ஃபோன் செய்துகொள்ளும்போது சிரிப்பு வராது. எனக்கே நடந்தது. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, என் பட்டியலில் வேறோர் எழுத்து. தப்பு என்னுடையதுதான், பழைய எக்செல் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். அம்மா வேலைக்கு அரை நாள் லீவு போட்டு, பிறப்புப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். நாள் சம்பளக்காரர். அந்த அரை நாள் காசை யார் கொடுப்பது?

ஆசிரியர் அறையில் நாம் வழக்கமாகப் புலம்புவது ‘சிஸ்டம் ஸ்லோ’, ‘லைன் இல்லை’ என்றுதான். அதில் நியாயம் இருக்கு. பள்ளிசார் மதிப்பீடு 2012-ல் இடைநிலைப்பள்ளிக்கு வந்த காலத்தில், பகலில் சர்வர் திணறுகிறது என்று நடுராத்திரி அலாரம் வைத்து எழுந்து கீ-இன் செய்தவர்கள் இன்னும் நம்மோடு வேலை செய்கிறார்கள். ஆனால் என் விமர்சனம் வேகத்தைப் பற்றியது அல்ல. ஒரு மென்பொருளில் இருக்கும் தகவல் இன்னொன்றுக்கு எந்த வடிவில் போக வேண்டும், போன இடத்தில் அதற்கு என்ன பொருள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்று வேண்டும். அதைத்தான் தரவுப் பகிர்வுத் தரம் என்கிறார்கள். அது இல்லாத இடத்திலெல்லாம் தரமாக இருப்பது நாம்தான். ஆசிரியர்தான் இங்கே வயர்.

எண்ணிப் பாருங்க. பள்ளி, ஆசிரியர் விவரத்துக்கு எமிஸ், மாணவர் விவரத்துக்கு ஏபிடிஎம், மதிப்பெண்ணுக்கு சாப்ஸ், புறப்பாடத்துக்குப் பாஜ்ஸ்க், வாசிப்புப் பதிவுக்கு நிலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு தேவைக்காகப் பிறந்தவை. ஏபிடிஎம் செய்த வேலைகளை அண்மைய ஆண்டுகளில் ஐடிமீ எடுத்துக்கொண்டது. 2020-ல் வந்த டெலிமா ஒரே கணக்கில் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் மூன்றையும் திறக்க வைத்தது. இவை நல்ல மாற்றங்கள், பாராட்டத் தயக்கமில்லை. ஆனால் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே கடவுச்சொல் என்பது ஒரே சாவி. ஒரு சாவியில் பத்து அறை திறக்கலாம். ஓர் அறையில் இருக்கும் மேசையை அடுத்த அறைக்குக் கொண்டுபோக, இரண்டு அறைக்கும் நடுவில் கதவு வேண்டும். அந்தக் கதவு மேசையின் அகலத்துக்கும் இருக்க வேண்டும். ‘எல்லாம் ஒருங்கிணைத்தாச்சு’ என்று யாராவது சொன்னால், சாவியைச் சொல்கிறாரா கதவைச் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

கதவு இல்லாத இடத்தில் நாம் பயன்படுத்தும் கள்ள வழி எக்செல். அது நம்மை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது தெரியுமா? ஐசி எண்ணுக்கு 12 இலக்கம். கோடு போடாமல் தட்டினால் எக்செல் அதைப் பெரிய எண் என்று நினைத்து, நடுவில் புள்ளியும் ‘ஈ’ எழுத்தும் போட்டுச் சுருக்கிக் காட்டும். அதைவிட மோசம் முன்னால் நிற்கும் பூஜ்யம். 2009-ல் பிறந்த பிள்ளையின் எண் 09 என்று தொடங்கும். எக்செலுக்கு முன்பூஜ்யம் வீண், விழுங்கிவிடும். 11 இலக்கம் மிஞ்சும். அடுத்த மென்பொருள் ‘இப்படி ஓர் எண் இல்லை’ என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பும். 2000 முதல் 2009 வரை பிறந்த எல்லாருக்கும் இந்த ஆபத்து உண்டு. அந்தக் கட்டத்தை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டுத் தட்டினால் தப்பிக்கலாம்.

எண் சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் பொருள் மாறிப்போகலாம். நான்காம் ஆண்டு முதல் படிவம் மூன்று வரை நடக்கும் ஆண்டிறுதித் தேர்வான உவாசாவில் ‘ஈ’ என்றால் 20 முதல் 34 புள்ளி. அதற்குக் கீழே ‘எஃப்’ இருக்கிறது. எஸ்பிஎம்மில் ‘ஈ’ என்பது தேர்ச்சியின் கடைசிப் படி. அதற்குக் கீழே ‘ஜி’. எழுத்து ஒன்று, கதை வேறு. தேர்வுக்கு வராத பிள்ளைக்கு நாம் ‘டிஎச்’ போடுகிறோம். இன்னொரு மென்பொருள் எழுத்தை ஏற்காமல் பூஜ்யமாக மாற்றிவிட்டால், காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை முட்டை வாங்கிய பிள்ளையாகிவிடும். வகுப்புச் சராசரியும் அதோடு சரியும். அப்புறம் கூட்டத்தில் விளக்கம் கேட்பார்கள். பதில் சொல்வது மென்பொருள் அல்ல, பாட ஆசிரியர்.

இடையில் ஒரு வேடிக்கை. வகுப்பறை மதிப்பீட்டின் சுருக்கம், மாவட்டக் கல்வி அலுவலகத்தின் சுருக்கம், சிலாங்கூர் தமிழ்ப்பள்ளிக் குறியீடுகளின் முதல் மூன்று எழுத்துகள் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதினால் ஒரே மாதிரி வரும்: பிபிடி. நம் எழுத்தில் ப-வுக்கு இரண்டு ஒலி இருந்தாலும் எழுத்து ஒன்றுதான். குணசேகரனுக்கு நேர்ந்ததும் இதே கதைதான், எதிர்த்திசையில். தமிழில் ஒரே எழுத்தாக இருப்பது ரோமனில் இரண்டு மூன்றாகப் பிரிகிறது. ஆகவே பெயரை வைத்து ஆளைப் பொருத்தும் எந்த மென்பொருளும் மற்றவர்களைவிட நம் பிள்ளைகளிடம் அதிகம் தடுக்கி விழும். அதன் மேல் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ வேறு. ஒரு தளத்தில் சாய்கோட்டோடு, ஒரு தளத்தில் இல்லாமல், இன்னொன்றில் ‘அனாக் லெலாக்கி’ என்று விரித்து. சாய்கோட்டைக் கோப்புப் பெயரில் விண்டோஸ் ஏற்பதே இல்லை.

அந்தப் பள்ளிக் குறியீட்டையே நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்வேன். மூன்று எழுத்து, நான்கு எண். ‘லாடாங்’ என்று முழுதாக எழுதினாலும் ‘எல்டிஜி’ என்று சுருக்கினாலும், தோட்டம் வீடமைப்பாக மாறிப் போனாலும், குறியீட்டைப் பார்த்தால் எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும். காப்பார் வட்டாரத்தில் தோட்டத்தின் பெயரையே இன்னும் சுமக்கும் பள்ளிகளில் வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உலகத் தரங்கள் நம்மைக் காப்பாற்றுமா? பாதிதான். அமெரிக்காவில் 1997-லேயே பள்ளி மென்பொருள்களுக்கு இடையே தகவல் பரிமாற சிஃப் என்ற தரத்துக்கான முயற்சி தொடங்கிவிட்டது. இப்போது பலரும் பேசுவது ஒன்ரோஸ்டர். மாணவர், வகுப்பு, சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சிஎஸ்வி கோப்பு; நிரலின் பெயர்கள் முன்பே முடிவானவை; எந்த மென்பொருள் எழுதினாலும் இன்னொன்று படித்துவிடும். எளிமையானது, நல்லது. ஆனால் அதன் 1.1 பதிப்பில் மாணவர் கோப்பைத் திறந்து பாருங்கள்: சொந்தப் பெயர் கட்டாயம், குடும்பப் பெயரும் கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டால் பிள்ளைக்கு வரும் மின்னஞ்சல் ‘அன்புள்ள முனியாண்டி’ என்று அப்பாவைக் கூப்பிடும். புள்ளி வைத்தால் சில மென்பொருள் ஏற்கும், சில ஏற்காது. தரம் எழுதும் மேசையில் தமிழ்ப் பெயர் வைத்திருக்கிற ஒருவர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டாயம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நம் வீட்டுப் பாடம் ஒன்றும் இருக்கிறது. 2011-ல் ஒப்பந்தமான 1பெஸ்தாரிநெட் திட்டம், ஏறக்குறைய 10,000 பள்ளிகளுக்கு இணையமும் ஃபிராக் கற்றல் தளமும் தந்தது. 2013-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, அந்தத் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று சுட்டியது. 2019 ஜூனோடு திட்டம் முடிந்து, கூகுள் கிளாஸ்ரூம் வந்தது. ஃபிராக்கில் ஆசையாகப் பாடத் தளம் கட்டியவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் அவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். அந்தத் தளத்துக்கென்றே கட்டிய பக்கங்கள் புதிய தளத்தில் அப்படியே போய் உட்காராது. வேகமாக ஏற்றுக்கொண்டவருக்குத் தண்டனை, சும்மா இருந்தவருக்கு நிம்மதி. அடுத்த முறை புதுத் தளம் வரும்போது ஆசிரியர் தயங்கினால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

‘அப்படியானால் எல்லாத் தகவலையும் ஒரே இடத்தில் கொட்டிவிடலாமே?’ என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2013-ல் இன்புளூம் என்ற அமைப்பு அதைத்தான் செய்யப் பார்த்தது. பெரிய அறக்கட்டளைகளின் 10 கோடி டாலர் பின்னால் இருந்தது. பிள்ளைகளைப் பற்றிய இத்தனை விவரம் ஏன், யார் பார்ப்பார்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். திருப்தியான பதில் வரவில்லை. 2014 ஏப்ரலில் மூடுவதாக அறிவித்தார்கள். இங்கே 2018-ல் சாப்ஸ் தளத்தில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியில் தெரிந்து, அமைச்சு அதைத் தற்காலிகமாக மூடியது. பெற்றோர் அதில் மதிப்பெண் பார்த்தது பிள்ளையின் ஐசி எண்ணைப் போட்டுத்தான். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்துக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 2025-ல் நடைமுறைக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம் மத்திய அரசு அமைப்புகள் தங்களுக்குள் தகவல் பகிர வழி செய்கிறது. வழி திறப்பது சட்டத்தின் வேலை. எந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு அந்த வழியில் நடப்பது என்பது இன்னொரு கேள்வி.

என் வாதமே அந்த எண்தான். பெயர் உதவாது, பார்த்துவிட்டோம். ஐசி எண்ணும் வேண்டாம் என்கிறேன். முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்று சொல்லும். வகுப்புப் பட்டியலைத் தவறிப்போய் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினால் அத்தனையும் போச்சு. அதைவிட முக்கியம், அந்த எண்ணே இல்லாத பிள்ளைகள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். பெற்றோர் திருமணத்தைப் பதியாததாலோ, பத்திரம் எடுக்காததாலோ ஆவணம் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளைக் கிள்ளான் பக்கம் வேலை செய்த எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். ஐசி எண்ணைத் திறவுகோலாக வைத்தால் முதலில் வெளியே நிற்பது அவர்கள். முதலாம் ஆண்டில் சேரும் நாளில் ஓர் எண். அதற்கு வேறு அர்த்தமே இருக்கக் கூடாது. ஆறாம் படிவம் வரை, எந்த மென்பொருளிலும் அதே எண். தமிழ்நாட்டில் எமிஸ் தளம் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் தருகிறது. அங்கேயும் பதிவேற்றச் சுமையைப் பற்றி ஆசிரியர்கள் கசந்துகொள்கிறார்கள், உண்மைதான். ஆனால் எண் கொடுக்கும் யோசனை சரியானது.

‘இதெல்லாம் பெரிய இடத்து விஷயம், நம்மால் என்ன ஆகும்?’ என்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். 1990களில் தமிழில் தட்டிய கேள்வித்தாளை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். ஒருங்குறியில் 1991-லேயே தமிழ் இடம் பெற்றிருந்தும் பல ஆண்டுகள் யாரும் பக்கத்தில் போகவில்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் போன்றவர்களும், உத்தமம் அமைப்பும், 2001-ல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடும் பேசிப் பேசித்தான் தமிழர்கள் ஒரே தரத்துக்கு வந்தார்கள். இன்று காப்பாரில் தட்டும் குறில் நெடில் பயிற்சித்தாள் யாழ்ப்பாணத்து ஃபோனில் சரியாகத் தெரிகிறது.

ஆகவே பள்ளியில் அடுத்த மென்பொருளை யாராவது விற்க வரும்போது, வண்ண வண்ண வரைபடங்களைக் காட்டி முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இருக்கிற பட்டியலை மறுபடி தட்டாமல் இது ஏற்குமா? ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் தகவலை இன்னொரு மென்பொருள் படிக்கும் வடிவில் திருப்பிக் கொடுக்குமா? குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியுமா? மூன்றாவது கேள்விக்கு விற்பனையாளர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தேர்வு மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. எஸ்பிஎம் பதிவு விவரத்தை ஆசிரியர் சரிபார்க்கக் கொடுக்கும்போது கையெழுத்தை மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஐசியைப் பக்கத்தில் வைத்து, பெயரை ஒவ்வோர் எழுத்தாக, கடைசியிலிருந்து முன்னோக்கிப் படியுங்கள்; அப்போதுதான் கண் தாவாது. எண்ணில் முன்பூஜ்யம் இருக்கிறதா, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் நீங்கள் எடுத்தபடியே பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். தப்பு இருந்தால் அன்றைக்கே டீச்சரிடம் சொல்லுங்க.