புகையில் போகும் கால் பங்கு

டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு மறுபடியும் மவுசு வந்துவிட்டது. யமாஹா ஆர்எக்ஸ்ஸெட் மோட்டார் சைக்கிளுக்காகத் திரெங்கானுவில் ஊரே கூடுகிறது. அன்று வாங்கிய விலையைப்போல் பல மடங்கு கேட்டாலும் கொடுக்க ஆள் இருக்கிறது. அந்தக் காற்று இப்போது படகுத்துறைப் பக்கமும் வீசுகிறது. பினாங்குத் தீவின் தென்கரையில், பாயான் லெப்பாசைச் சுற்றி பத்து மாவுங், பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலுக் கும்பார் என்று எங்கே போய் நின்றாலும் படகில் மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இஞ்சினுக்கு ஒரே பாராட்டுதான்: கம்ப்யூட்டர் கிடையாது, ஒரு ஸ்பேனரும் மாற்று பிளக்கும் இருந்தால் நடுக்கடலிலேயே சரி பண்ணிவிடலாம், இந்த மாதிரி இனி எவன் செய்யப்போகிறான்? வலை போடுகிற மலாய் மீனவர் இதைச் சொன்னால் அவருடைய அனுபவம் பேசுகிறது என்று விட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு கிளம்பும் நம் தொழிற்பேட்டை நண்பர்களும் இதையே ஒப்பிக்கிறார்கள். வாரம் முழுவதும் சிப் செய்துவிட்டு, விடுமுறையில் சிப் இல்லாத இஞ்சினைக் கொண்டாடுகிறார்கள்.

பாராட்டில் உண்மை இருக்கிறது. வால்வு கிடையாது, கேம்ஷாஃப்ட் கிடையாது. கழற்றிப் போட்டால் ஒரு கோணிப்பைமேல் எல்லாப் பாகங்களையும் பரப்பிவிடலாம். 15 குதிரைத் திறன் டூ ஸ்ட்ரோக் ஏறக்குறைய 36 கிலோ. அதே திறனில் ஃபோர் ஸ்ட்ரோக் சில 50 கிலோவைத் தாண்டும். டூ ஸ்ட்ரோக் பட்டென்று வேகம் எடுக்கும். பாகங்கள் சல்லிசாகக் கிடைக்கும். பராமரிப்பும் பெரிய வித்தை இல்லை: கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவு, தண்ணீர் பம்பின் இம்பெல்லரைக் காலாகாலத்தில் மாற்று, கியர் எண்ணெய் பால் நிறமானால் சீல் போய்விட்டதென்று தெரிந்துகொள், கார்புரேட்டரில் பெட்ரோலைத் தேங்கவிடாதே. இதைச் செய்கிறவர் கையில் இஞ்சின் பல வருடம் உழைக்கும். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் மறுப்பது ஒன்றைத்தான். அந்த எளிமை இலவசமாக வந்ததுபோல் பேசுகிறார்களே, அதை.

சிலிண்டருக்குள் நடப்பதைப் பார்ப்போம். பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் புகை வெளியேறும் துளை திறக்கிறது. உடனே புதிய பெட்ரோல்-காற்றுக் கலவை நுழையும் துளைகளும் திறக்கின்றன. எரிந்த புகையை வெளியே தள்ளும் வேலையைப் புதுக் கலவைதான் செய்கிறது. வால்வு இல்லாததால் சிறிது நேரம் இரண்டு வழியும் ஒன்றாகத் திறந்தே கிடக்கின்றன. தள்ளப் போன கலவையில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து தானும் வெளியே போய்விடுகிறது. எரியாத பெட்ரோல், எரியாத எண்ணெய், இரண்டும். இப்படிப் போவது 25 முதல் 30 விழுக்காடு வரை என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை ஏற்றுக்கொண்ட கணக்கு. அவுட்போர்டில் புகைக்குழாய் முடிவதும் பெரும்பாலும் தண்ணீருக்குள், விசிறியின் நடுவே. ஊற்றிய எரிபொருளில் கால் பங்கு எந்த வேலையும் செய்யாமல் வெளியேறுகிறது.

இது தேய்மானத்தால் வருகிற கோளாறு இல்லை. புத்தம்புதிதாய்ப் பெட்டியைப் பிரித்த அன்றும் இப்படித்தான். எந்த மெக்கானிக்கும் ஸ்பேனரால் சரிசெய்ய முடியாது; வால்வு இல்லாத எளிமைதான் இந்த விரயம். ஓட்டையை அடைக்கலாம் என்று காட்டியவர்களும் உண்டு. எவின்ரூட் பெயரில் 2003-இல் வந்த இ-டெக் இஞ்சினும் டூ ஸ்ட்ரோக்தான். புகைத் துளை மூடிய பிறகு பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சியது, விரயம் வெகுவாகக் குறைந்தது. அதற்கு என்ன வேண்டியிருந்தது? கம்ப்யூட்டர். ரசிகர்கள் எது இல்லை என்று மகிழ்கிறார்களோ அதே பொருள். 2020-இல் எவின்ரூட் இஞ்சின் உற்பத்தியே நிறுத்தப்பட்டது, அது வேறு கதை.

முழு வேகத்தில் ஓடும்போது புகைக்குழாயின் எதிரலை தப்பி ஓடும் கலவையில் கொஞ்சத்தைத் திருப்பித் தள்ளும். அப்போது டூ ஸ்ட்ரோக்குக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் வித்தியாசம் சுருங்குகிறது. மெதுவாக ஓடும்போதுதான் மானம் போகிறது. கலவை சரியாகத் தீப்பிடிப்பதில்லை. சில சுற்றுகள் எரியாமலே கடக்கின்றன. இப்போது நம் தென்கரை மீனவரின் வேலையை நினைத்துப் பாருங்கள். வலையை இறக்கும்போது மெதுவாகப் போக வேண்டும், இழுக்கும்போது இன்னும் மெதுவாக. நடுவில் இஞ்சினை அணைக்காமல் காத்திருக்க வேண்டும். நம் ஞாயிற்றுக்கிழமை நண்பரும் தூண்டிலை இழுத்துக்கொண்டு நடை வேகத்தில்தான் போகிறார். இந்த இஞ்சின் எந்த நிலையில் மிக மோசமோ அந்த நிலையிலேயே இவர்கள் அதை அதிக நேரம் வைத்திருக்கிறார்கள். நடுக்கடலில் பிளக் மாற்றிய வீரக்கதை சொல்கிறவர்கள், அந்த பிளக் ஏன் கரி பிடித்தது என்று கேட்டுக்கொள்வதே இல்லை.

எண்ணெய்க் கதையும் இதன் கிளைதான். இந்த இஞ்சினுக்கு எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்து போகும் எண்ணெய்தான் உயவு. 50-க்கு 1 என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி. ஆனால் அளவுக் குப்பியைத் துறையில் எத்தனை பேர் எடுக்கிறார்கள்? கொஞ்சம் கூடினால் இஞ்சினுக்கு நல்லது என்று ஊற்றுகிறார்கள். எண்ணெய் கூடினால் அந்த அளவுக்குக் கலவையில் பெட்ரோல் குறைகிறது. சிலிண்டர் சூடேறுகிறது, பிளக்கில் கரி சேர்கிறது. சிலர் மோட்டார் சைக்கிளுக்கான 2டி எண்ணெயையே ஊற்றிவிடுகிறார்கள். காற்றால் குளிரும் வண்டிக்கான எண்ணெய் அது. நீரால் குளிரும் இஞ்சினில் சாம்பல் படிய வைக்கும். அதற்காகத்தான் டிசி-டபிள்யூ3 என்ற சாம்பலற்ற தரம் தனியாக இருக்கிறது. எளிய இஞ்சின் என்கிறோம், ஆனால் அதன் உயிர் ஒவ்வொரு நாள் காலையிலும் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் ஊற்றும் அளவில் தொங்குகிறது.

அப்படியானால் இத்தனை வருடம் இதை எப்படித் தாங்கினோம்? பெட்ரோல் மலிவு, அதனால்தான். ரோன்95 நெடுங்காலம் லிட்டர் 2.05 ரிங்கிட், 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு 1.99. மீனவர்களுக்குத் தனி மானியம் வேறு. கணக்குக்காக ஒரு படகு நாளுக்கு 20 லிட்டர் ஊற்றுகிறது என்று வைப்போம். ஐந்து லிட்டர் வீண். 1.99 என்றாலே பத்து ரிங்கிட், மாதம் இருபது நாள் போனால் இருநூறு, வருடத்துக்கு 2,400. பட்டறைச் செலவில் மிச்சம் பிடித்த இஞ்சின் பெட்ரோல் நிலையத்தில் அதை வாரி இறைக்கிறது. அதில் ஒரு பங்கை அரசாங்கம் கட்டுவதால் நமக்கு வலிக்கவில்லை.

வலிக்கும்போது என்ன ஆகும் என்பதை வட இலங்கைத் தமிழ் மீனவர்களைக் கேட்டால் தெரியும். அங்கே இதே மாதிரி இஞ்சின்களைப் பெட்ரோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டுகிறார்கள். மண்ணெண்ணெய் மலிவாக இருந்தவரை யாரும் விரயத்தைப் பேசவில்லை. 2022 ஆகஸ்டில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. ஊற்றுகிற ஒவ்வொரு நாலு லிட்டருக்கும் 340 ரூபாயை அந்த மீனவர் கடலில் கொட்ட வேண்டியதாயிற்று. இஞ்சின் மாறவில்லை, அதன் உண்மையான விலை தெரிந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவில் தாஹோ ஏரியில் 1999-லேயே கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்கை நிறுத்திவிட்டார்கள். பணக்காரர்களின் ஏரி என்று நம்மவர்கள் சிரிக்கிறார்கள். குடிக்கிற தண்ணீர் அது.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு பதில் வரும். கண்ணெதிரே 2023-இலிருந்து மணலைக் கொட்டிச் சிலிக்கான் தீவு என்று 2,300 ஏக்கர் எழுப்புகிறார்கள், நீ என் புகையைப் பற்றிப் பேசுகிறாயா? கோபம் நியாயமானது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதும் சரி. ஆனால் தீவு எழும்பினால் மீனிருக்கும் இடத்துக்குச் சுற்றிப் போக வேண்டும், தூரம் கூடும், எரிபொருள் கூடும். கால் பங்கை ஒழுகவிடும் இஞ்சின் அந்தக் கூடுதல் தூரத்தில் யாருடைய கையைக் கடிக்கும்? மேம்பாட்டாளரின் கையை நிச்சயமாக இல்லை. கெட்டதைச் செய்தவர்களைக் காட்டி, தன் பையில் இருக்கும் ஓட்டையைத் தைக்க மறுப்பதைக் கொள்கை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கம்ப்யூட்டர் பயமும் பாதி கட்டுக்கதை. 15 குதிரைத் திறன் அளவில் கார்புரேட்டரும் கயிற்று இழுப்பும் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின்கள் பல காலமாகவே இருக்கின்றன. வால்வு இடைவெளி பார்க்க வேண்டும், நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக்கைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்கிற நம் மெக்கானிக்குகளுக்கு இது பெரிய காரியமா? புது இஞ்சினின் விலை அதிகம் என்றால், அதற்குத்தான் கடன் திட்டமும் மானியமும் வேண்டும் என்று சங்கங்கள் கேட்க வேண்டும். பெட்ரோலுக்குக் கொடுக்கிற மானியத்தில் கால் பங்கு புகையாகத்தானே போகிறது.

மிஞ்சுவது எடை ஒன்றுதான். அலை வற்றிய சேற்றில் இஞ்சினைத் தனியாகத் தோளில் சுமந்து கரைக்குக் கொண்டுவரும் வயதான சம்பான்காரருக்கு அந்தக் கூடுதல் பதினைந்து கிலோ வெறும் பேச்சு இல்லை. அவர் பழையதை வைத்துக்கொள்ளட்டும், அளவுக் குப்பியோடு. வண்டியில் இழுத்துவந்து சரிவுமேடையில் படகை இறக்குகிற நண்பருக்கு அந்தச் சாக்கும் கிடையாது.