அடியின் அளவைப் பாருங்கள்

தற்செயலாக மாற்றிப் பார்த்து, மேம்பட்டதை வைத்துக்கொண்டே விடை தேடும் பரிணாம அல்காரிதம் ஓடும்போது பெரும்பாலானோரின் கண் ஒரே எண்ணில்தான் இருக்கும்: இதுவரை கிடைத்த சிறந்த விடை. அது இறங்கினால் உற்சாகம், நின்றால் சலிப்பு. அந்த எண்ணைக் கொஞ்சம் மறந்துவிட்டு, தேடல் எவ்வளவு நீள அடி வைக்கிறது, எந்தப் பக்கம் வைக்கிறது என்று கவனியுங்கள். அழகு அங்கேதான் இருக்கிறது.

1964-ல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இங்கோ ரெக்கன்பெர்க்கும் ஹான்ஸ்-பால் ஷ்வெஃபெலும் கீல்கள் கொண்ட ஒரு தகட்டைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தார்கள். ஐந்து கீல், ஒவ்வொன்றுக்கும் 51 நிலை. மொத்தம் 34 கோடிக்கும் மேலான வடிவங்கள். எந்தக் கீலை எவ்வளவு திருப்புவது என்பதைத் தற்செயலுக்கு விட்டார்கள். காற்றின் தடை குறைந்தால் புது வடிவம் நிற்கும். கூடினால் பழையதற்கே திரும்பும். கோணல்மாணலாகத் தொடங்கிய தகடு சில நூறு சோதனைகளிலேயே கிட்டத்தட்ட தட்டையாகிவிட்டது. தட்டைதான் விடை என்று அவர்களுக்குத் தெரியும். தகட்டைத் திருப்பிய தற்செயலுக்குத் தெரியாது.

ஐந்து மாறிகள் நூறானால்? ஒவ்வொன்றுக்கும் இரண்டே மதிப்பு என்றாலும் சாத்தியங்கள் 31 இலக்க எண்ணாகிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, அவ்வளவு பரிமாணங்களில் குருட்டாம்போக்கில் வைக்கும் அடி, இறங்க வேண்டிய திசைக்கு ஏறக்குறைய செங்குத்தாகவே விழும் என்பது. நீள அடி வைத்தால் அநேகமாகத் தோல்வி. மிகக் குட்டையாக வைத்தால் பாதி முயற்சி பலிக்கும், ஆனால் நகர்ந்திருக்கவே மாட்டோம். ரெக்கன்பெர்க் சொன்ன விதி, ஐந்தில் ஒன்று பலித்தால் போதும் என்பது. அதற்கு மேல் பலித்தால் அடியை நீட்டு, கீழே போனால் சுருக்கு. அடிக்கடி வெற்றி கிடைப்பதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

1990களில் நிக்கோலஸ் ஹான்சனும் ஆந்த்ரேயாஸ் ஆஸ்டர்மையரும் உருவாக்கிய சிஎம்ஏ-இஎஸ் என்ற பரிணாம அல்காரிதம் அடியின் நீளத்தோடு அதன் வடிவத்தையும், அதாவது எந்தப் பக்கம் நீட்டுவது, எந்தப் பக்கம் சுருக்குவது என்பதையும், கற்றுக்கொள்கிறது. பைத்தானில் இதற்கு இலவசத் தொகுப்பு உண்டு. ரோசன்பிராக் என்ற சோதனைச் சார்பை 20 மாறிகளோடு கொடுத்து, அது வரையும் படங்களைப் பாருங்கள். பிழை முதலில் சரசரவென்று இறங்கும். பிறகு வளைந்த பள்ளத்தாக்குக்குள் வந்து ஊர்ந்துகொண்டிருக்கும். பலர் இங்கேதான் ஜன்னலை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள்! பக்கத்துப் படத்தில், பூஜ்ஜியத்தை ஒட்டிக் கிடந்த மாறிகள் ஒன்றன்பின் ஒன்றாக விடையான 1-ஐ நோக்கி ஏறுவது தெரியும். எல்லாம் ஏறியதும், லாக் அளவுகோலில் பிழைக்கோடு நேர்கோடாகக் கீழே பாயும். ஊர்ந்த நேரமெல்லாம் வேலை நடந்திருக்கிறது.

அடியின் வடிவத்தை நினைவில் வைக்க 20 மாறிகளுக்கு 210 எண்கள் போதும். 1000 மாறிகளுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் வேண்டும். 2008-ல் ரேமண்ட் ரோஸும் ஹான்சனும் மாறிகளுக்கிடையிலான உறவையெல்லாம் விட்டுவிட்டு, மாறிக்கு ஓர் எண் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். மாறிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ரோசன்பிராக்கில் இது தோற்றிருக்க வேண்டும். ஆனால் நூறு பரிமாணங்களுக்கு மேலே முழு சிஎம்ஏ-இஎஸ்ஸைவிட இதுதான் குறைந்த முயற்சிகளில் முடித்தது. கற்க வேண்டிய எண்கள் குறைந்ததால், அவற்றை வேகமாகக் கற்க முடிந்தது.