எல்லையில் உட்கார்ந்து டிவி பார்ப்பது

கெலமங்கலம் மாதிரி ஊரில் ஒரு வசதி இருக்கு. டீக்கடையில் தமிழ்ச் செய்திச் சேனல் ஓடும். பக்கத்துக் கடையில் கன்னடச் சேனல். கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பையன் கையில் இந்தி யூடியூப். மூன்றிலும் 'வெளியாட்கள்' பிரச்சினை வரும், ஆனா வெளியாள் யார் என்பது மட்டும் சேனலுக்குச் சேனல் மாறும்.

வாட்டாள் நாகராஜை எடுத்துக்குங்க. அத்திப்பள்ளியில் ரோட்டை மறித்து அவர் உட்கார்ந்தால் தமிழ்ச் சேனல்களுக்கு அன்றைக்குத் தீனி. 2017இல் பாகுபலி 2 படத்துக்காக, சத்யராஜ் ஒன்பது வருஷம் முன்னாடி காவிரிக்காகப் பேசியதைத் தோண்டி எடுத்து, அவரை வருத்தம் தெரிவிக்க வைத்தார்கள். 2023 காவிரிப் போராட்டத்தில் புர்கா போட்டுக்கொண்டு காலிக் குடத்தோடு வந்தார். அவர் கட்சிக்கு கர்நாடகச் சட்டசபையில் இப்ப ஒரு இடம்கூடக் கிடையாது. தமிழ்ச் செய்தியில் அது வருவதில்லை. அதனால் நம்ம ஆட்களுக்கு அவர் பாதிக் கோமாளி, பாதி கர்நாடகத்தின் குரல். ஓசூர் சந்தைக்குத் தினமும் வந்துபோகிற கன்னடக்காரர்களிடம் கேட்டால் பலர் சிரிப்பார்கள்.

இதை அப்படியே திருப்பிப் போட்டால் சீமான். இந்திச் சேனலுக்கு அவர் மொத்தத் தமிழ்நாட்டின் முகம். தமிழ்ச் சேனலுக்கு? அங்கேதான் சிக்கல். ஒரே சேனல் காலையில் அவர் பிரஸ்மீட்டை முழுசா நேரலை போடும், சாயங்காலம் அதையே வெட்டிக் கிண்டலாப் போடும், ராத்திரி விவாதத்தில் 'சர்ச்சை' என்று போடும். மூணுக்கும் வியூஸ் வரும். நாம் தமிழர் கட்சியின் வாக்கு 2016இல் 1 சதவீதத்தைச் சுற்றி இருந்தது, 2021இல் ஆறரை, 2024இல் 8க்கு மேல். இதுக்கு டிவிதான் காரணம் என்று நான் சொல்ல வரலை, கூட்டணி இல்லாமல் நிற்பது உட்பட வேறு காரணங்கள் உண்டு. ஆனா 'கிண்டல் பண்ணினால் ஆள் சின்னதாகிவிடுவார்' என்கிற நம்பிக்கை பொய் என்பதுக்கு இந்த எண்கள் போதும்.

2023 தொடக்கத்தை வரிசையா நினைவுபடுத்திப் பாருங்க. ஜனவரியில் திருப்பூர் வீடியோ: வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களைத் துரத்தி அடிக்கிறார்கள் என்று பரவியது. சிகரெட் புகை விட்டதில் தொடங்கிய தகராறு அது. போலீஸ் விளக்கம் வருவதுக்குள் வீடியோ ஊர் சுற்றி முடிந்துவிட்டது. பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல். கஞ்சா வழக்கு, பாலியல் வழக்கு என்று போட்டு உள்ளே தள்ளினால் ஒரே வாரத்தில் வடமாநிலத்தவர் பெட்டியைக் கட்டிவிடுவார்கள் என்ற பொருளில் சீமான் பிரச்சாரத்தில் பேசினார். பொய் வழக்குப் போடுவேன் என்பதை மேடையில் ஒருத்தர் சொல்கிறார்! ஆனா அந்த மாதம் இங்கே பெரிய செய்தியானது அருந்ததியர் பற்றி அவர் பேசியதுதான். அது ஆகவேண்டியதும்தான். புலம்பெயர்ந்த தொழிலாளி பற்றிய பேச்சு பிரச்சாரக் கலகலப்போடு கலகலப்பா ஓடிப்போச்சு. மார்ச்சில் பிரசாந்த் கிஷோர் அந்த வீடியோவைப் பகிர்ந்த பிறகுதான் வழக்கு வந்தது.

அதுக்குள் வேறொரு தீ பிடித்திருந்தது. தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்ற வதந்தி. தைனிக் பாஸ்கர் செய்தி போட்டது, வழக்கு வாங்கியது. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவில் வந்து மறுத்தார். பரவிய இரண்டு வீடியோக்களில் ஒன்று பீகார்காரர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. இன்னொரு வீடியோ பாட்னாவில் ஒரு வாடகை வீட்டிலேயே நடித்து எடுத்தது என்று பீகார் போலீஸே சொன்னது. அதைப் பரப்பிய வழக்கில் உள்ளே போன யூடியூபர் மணீஷ் காஷ்யப் பின்னாடி பாஜகவுக்குப் போய், அங்கிருந்து 2025இல் பிரசாந்த் கிஷோரின் ஜன் சுராஜுக்கே வந்து வேட்பாளராகவும் நின்றார். (ஜெயிக்கலை.)

அந்த மார்ச்சில் பயந்து ரயிலேறினவங்களுக்கு வீடியோ பொய் என்பது தெரியாது. சீமான் பேசியது நிஜம் என்பது மட்டும் கேள்விப்பட்டிருப்பார்கள்.

சீமானை மட்டும் பிடித்துக்கொள்வதிலும் ஊடகத்துக்கு ஒரு சௌகரியம் இருக்கு. தனியார் வேலையில் 75 சதவீதம் தமிழர்களுக்கு என்று 2021 தேர்தல் அறிக்கையில் எழுதியது திமுக. 2022 செப்டம்பரில் ஓசூர் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஜார்கண்ட் பெண்கள் ரயிலில் வந்தபோது எழுந்த கண்டனமும் ஒரு கட்சியோடு நிற்கலை. ஆனா 'வெளியாள் எதிர்ப்பு' என்றால் திரையில் ஒரே ஒரு முகம். மற்றவர்கள் நாகரிகமாகத் தப்பித்துவிடுகிறார்கள்.

அவர் வேலையைப் பாதி செய்து கொடுப்பதே தினசரிகளின் குற்றச் செய்திப் பக்கம். 'வடமாநில வாலிபர் கைது.' பேரு இருக்காது, மாநிலம்கூட இருக்காது, பாதி இந்தியாவே ஒரு வார்த்தைக்குள். திருநெல்வேலிக்காரர் ஓசூரில் திருடினால் 'தென்மாவட்ட வாலிபர்' என்று தலைப்புப் போடுவார்களா? வருஷக் கணக்கில் இதைப் படித்த வாசகனிடம் மேடைப் பேச்சாளர் புதுசா எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பால் தாக்கரே இதைத்தான் 'மார்மிக்' வார இதழில் செய்தார். 1960களில் பம்பாய்க் கம்பெனிகளில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியலை வாராவாரம் அச்சிட்டார். சிவசேனா பிறந்தது 1966இல், பட்டியல் அதுக்கு முந்தியது. அந்தப் பட்டியலில் இருந்தது நம்ம பேருங்கதான்.

உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சீமான், வேல்முருகன் எல்லாம் கேட்கிறார்கள். அருணாச்சலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூரில் இருப்பது. நான் பார்த்த ஒரு பேட்டியிலும் நெறியாளர் கேட்காத கேள்வி இது: அதே சீட்டை ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் கேட்டால் என்ன பண்ணுவது? கெலமங்கலம், ஓசூர் பக்கமிருந்து எத்தனை பேர் தினமும் விடியற்காலையில் பொம்மசந்திராவுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் போறாங்க. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் நிர்வாக வேலையில் 50, மற்றதில் 70 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்று மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தொழில் நிறுவனங்கள் கத்தியதும் நிறுத்திவைத்தது. ரெண்டு விஷயத்தையும் ஒரே மேஜையில் வைத்துப் பேசிய நிகழ்ச்சி எதுவும் என் கண்ணில் படலை.

கேட்க இன்னும் கேள்விகள் உண்டு. உள்ளூர்ப் பையனைக் கம்பெனி ஏன் எடுக்கலை? காண்டிராக்டர் ஆளுக்கு எவ்வளவு பிடிக்கிறார்? ஓவர்டைம் எப்படிக் கணக்காகிறது? அதைத் தேட நிருபர் நாலு நாள் ஓசூரில் தங்கணும். பிரஸ்மீட்டுக்கு மைக் மட்டும் போதும்.

2025 அக்டோபர் கடைசியில் பீகார் பிரச்சாரத்தில், தமிழ்நாட்டில் பீகாரிகளை திமுகவினர் துன்புறுத்துகிறார்கள் என்று பிரதமர் பேசினார். மு.க. ஸ்டாலின் கண்டித்தார். அன்றைக்கு ராத்திரி நான் பார்த்த தமிழ் விவாதத்தில் நாலு கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பீகாரிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிற ஒருத்தரும் இல்லை.