ஊசிக்காது வாசல் எங்கே இருந்தது?

போன மாதம் அம்பத்தூரில் ஒரு சபையில் மாற்கு 10-ஆம் அதிகாரத்தை வைத்துப் பிரசங்கம் கேட்டேன். பணக்காரன், ஒட்டகம், ஊசியின் காது. போதகர் சொன்ன விளக்கம் நிறையப் பேர் கேட்டிருப்பதுதான்: எருசலேமில் 'ஊசிக்காது' என்று ஒரு குட்டி வாசல் இருந்ததாம், சுமையை இறக்கி முட்டிபோட்டால் ஒட்டகம் நுழைந்துவிடுமாம். சபையில் எல்லார் முகத்திலும் நிம்மதி.

அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. கதையே இடைக்காலத்தில் கிளம்பியது. கிரேக்க ஆய்வுப் பதிப்பைப் பாருங்கள். ஊசிக்கு மாற்கும் மத்தேயுவும் 'ராஃபிஸ்' என்கிறார்கள், லூக்கா 'பெலோனே' என்கிறார். துளைக்கு மூவரும் மூன்று சொல். வாசலின் பெயர் என்றால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்களா?

அதைவிட, இந்த விளக்கம் கதையையே கெடுத்துவிடுகிறது. சீஷர்கள் திகைத்துப்போய், அப்படியானால் யார்தான் தேறுவார் என்று கேட்கிறார்கள். மனுஷரால் ஆகாது, கடவுளால் ஆகும் என்பது இயேசுவின் பதில். குனிந்தால் போதும் என்றால் அந்தத் திகைப்பு எதற்கு, பதில்தான் எதற்கு?

இந்த வசனத்தைத் தணித்து வாசிப்பது புதிதல்ல. கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். விட வேண்டியது பணத்தை அல்ல, பற்றை என்றார். எல்லோரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் பசித்தவனுக்கு யார் கொடுப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சுமார் 270-இல் அதே எகிப்தில் அந்தோணி என்ற இளைஞன் கோயிலில் இக்கதையைக் கேட்டு, நிலத்தைக் கைவிட்டு வெளியேறினான் என்கிறது அத்தனாசியு எழுதிய வரலாறு.

நம் பக்கத்திலும் ஆள் உண்டு. 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கிய இரு மருத்துவர்களில் ஒருவர் ஜேசுதாசன். மற்றவர் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தில் கம்பளி ஆலை வைத்திருந்த பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. கதர் உடுத்தி, கல்யாணம் செய்யாமல், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தே வாழ்ந்தார். ஜனங்களுக்கு இவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன்.

இங்கே நானும் கொஞ்சம் தயங்குகிறேன். சின்னண்ணனிடம் விடுவதற்கு ஆலைச் சொத்து இருந்தது. அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியா? அம்பத்தூர் சைக்கிள் கம்பெனியிலும் ஆவடி டாங்க் பேக்டரியிலும் உழைத்து, பி.எஃப். லோன் போட்டு அரை கிரவுண்டு வாங்கிய குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். ஊரில் சேரிக்கு வெளியே ஒரு அடி நிலம்கூட வாங்க முடியாதவர்களின் பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்களுக்குப் பட்டா என்பது ஐசுவரியம் இல்லை, மானம். அவர்களைப் பார்த்து 'எல்லாத்தையும் விடு' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அவர்களுக்கு அந்த வாசலும் தேவையில்லையே. இயேசு விற்றுவிடச் சொன்னது மிகுந்த ஆஸ்தி உள்ள ஒருவனிடம். வாசல் கதையால் லாபம் அரை கிரவுண்டுக்காரருக்கு இல்லை, நாலு பிளாட் வாங்கியதைச் சாட்சியாகச் சொல்கிறவருக்குத்தான். அதே அதிகாரத்தில் நூறு மடங்கு வாக்குத்தத்தமும் வருகிறது. அதைப் பிரசங்கிக்கிறவர்கள், கூடவே 'துன்பங்களும்' என்று மாற்கு சேர்த்திருப்பதை ஏனோ வாசிப்பதே இல்லை.

இந்த வாசல் கதை தமிழில் முதலில் எப்போது அச்சேறியது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய பிரசங்கப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.