ஏரிக்கு ஏரி மாறும் மீன்பிடி விதி: எது நியாயம்?

ஒரு நீர்நிலையில் யார் வலை போடலாம் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரே விடை இல்லை. பழவேற்காடு ஏரியில் பாடு என்ற குலுக்கல் முறை முடிவு செய்கிறது. பல கண்மாய்களில் மீன்பாசி எனப்படும் மீன்பிடி உரிமையை ஏலம் எடுத்தவர் முடிவு செய்கிறார். மேலூர், சிங்கம்புணரிப் பக்கத்து ஊர்களில் கோடை மீன்பிடித் திருவிழாவில் ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டு வீசியதும் யார் வேண்டுமானாலும் இறங்கலாம். மீன்வளம் பிழைக்கிறதா, பங்கு நியாயமாகப் போய்ச் சேருகிறதா, கரையில் நிற்பவருக்கு விதி தெரிகிறதா என்ற மூன்று கேள்விகளை வைத்து இவற்றை எடைபோட வேண்டும்.

முதலில் பாடு. இறால் அதிகம் கிடைக்கும் இடங்களில் சுத்துவலை கட்டும் முறையைக் குலுக்கிப் போட்டு, ஊர்களுக்கும் ஆட்களுக்கும் சுழற்சியில் பிரித்துத் தருவது இது. இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை விலகி நிற்பார். எவரும் நிரந்தரமாக எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. ஒரே இடத்தில் வலைகள் குவிந்து சண்டை மூளுவதும் குறைகிறது. விதியைச் செய்தவர்களே அதற்குக் கட்டுப்படுவதால், கண்காணிக்க வெளியாள் தேவையில்லை. தெளிவு என்ற அளவுகோலில் பாடு முதலிடம் பெறுகிறது.

ஆனால் அந்தச் சமத்துவம் வட்டத்துக்கு உள்ளே மட்டும்தான். பாடு உரிமை வழிவழியாகப் பட்டினவர் சமூகத்து ஆண்களுக்கு உரியது. அதே ஏரியை நம்பி வாழும் பிற சாதி மீனவர்களுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும், பெண்களுக்கும் குலுக்கலில் இடமில்லை. ஏரியில் வரத்து குறையக் குறைய இந்தக் கோடு கூர்மையாகிறது. மரபு என்பதற்காக இதை மன்னிக்க முடியாது. மேலும், பாடு சண்டையைத் தவிர்க்கப் பிறந்த ஏற்பாடு. எந்த அளவு இறாலைப் பிடிக்கக் கூடாது என்பது அதன் முதன்மைக் கவலை அல்ல.

அடுத்து, கண்மாய்களை ஏலத்தில் விடும் குத்தகை. அதில் வெளிப்படைத்தன்மை உண்டு என்பார்கள். ஏலத்தொகை எல்லோருக்கும் தெரியும். அரசுக்கோ ஊராட்சிக்கோ வருமானம் வரும். குத்தகைதாரர் குஞ்சுகளை வாங்கி விடுவதால் விளைச்சலும் கூடும். இவை உண்மையான நன்மைகள். ஆயினும் ஏலம் பணத்தைத்தான் அளக்கிறது. குத்தகைக் காலம் முடிவதற்குள் போட்ட முதலை எடுக்க வேண்டியவருக்குக் கடைசி மீனையும் அரித்தெடுப்பதே லாபம். மீனுக்காகத் தண்ணீரைத் திறந்துவிட்டதாகப் பாசனக்காரர்கள் எழுப்பும் புகார்கள் இந்த நெருக்கடியிலிருந்துதான் பிறக்கின்றன. தலைமுறையாகத் தூண்டில் போட்டவர் தன் ஊர்க் கண்மாயிலேயே திருடராகிவிடுகிறார்.

மீன்பிடித் திருவிழா இதற்கு நேர் எதிர். தண்ணீர் வற்றும்வரை ஊரே காத்திருக்கிறது. பிறகு ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடி கருவிகளும் வலையுமாக ஆண், பெண், சிறுவர் எல்லோரும் இறங்குகிறார்கள். காத்திருக்கும் அந்த மாதங்கள் எழுதப்படாத தடைக்காலம். பங்கீட்டில் இதைவிடத் திறந்த முறை இல்லை. எனினும் ஆண்டில் ஒரு நாள் பிடிக்கும் மீன் எவருக்கும் தொழிலாகாது. வற்றாத ஏரிக்கும் இது பொருந்தாது.

சட்டம் எங்கே நிற்கிறது? 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடிவைத்தோ நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. வலைக்கண் அளவை முறைப்படுத்தவும் மாநிலங்களுக்கு அதிகாரம் தந்தது. உச்ச நீதிமன்றம் 1996இல் பழவேற்காடு ஏரியிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைகளைத் தடுத்தது. அந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. இரு மாநிலங்களிலும் பறவைச் சரணாலய விதிகளும் உண்டு. அத்தனையும் தாளில் இருக்கின்றன. படகில் போகும் மீனவர் எந்த எல்லையில் எந்த விதி தொடங்குகிறது என்று அறிய, கரையில் ஒரு பலகை வேண்டாமா?

என் முடிவு இது. கட்டுப்பாடற்ற ஏலமே மூன்று முறைகளிலும் மோசமானது. வருமானம் தருகிறது என்பது அதைக் காப்பாற்றப் போதாது. பாடுதான் நிலையான அடித்தளம், ஆனால் அதன் கதவு ஏரியை நம்பி வாழும் அனைவருக்கும் திறக்க வேண்டும். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் இதைப் போன்ற குலுக்கல் முறை அரசின் மீன்பிடி ஒழுங்குவிதிகளிலேயே இடம்பெற்றது. பாடும் அப்படி அரசின் ஏற்பைப் பெறும்போது சாதி விலக்கை நீக்கச் சொல்லவும் அரசுக்கு உரிமை வரும்.

கண்மாய்களில் உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு முதல் உரிமை தர வேண்டும். குறைந்தபட்ச நீர்மட்டமும் வலைக்கண் அளவும் குத்தகைப் பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். அந்த விதிகளைத் தமிழில், மடைக்குப் பக்கத்தில், எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். கரைக்கு எட்டாத விதியை மீறியதற்காக எந்த மீனவரையும் தண்டிப்பது நியாயமாகாது.