மணநாள் காலை: அகநானூற்றிலும் சிலம்பிலும்

பழந்தமிழர் கல்யாணம் என்று பேச்செடுத்தால் அகநானூற்றில் இரண்டு பாட்டுகள் கட்டாயம் வந்துவிடும். ஒன்று 86, நல்லாவூர் கிழார் பாடியது. இன்னொன்று 136, விற்றூற்று மூதெயினனார் பாடியது. மேடையில் இவற்றை எடுத்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழக்கைத்தான் நடத்துகிறார்கள். அன்றைக்குத் தாலி இருந்ததா? புரோகிதர் இருந்தாரா? தீ வளர்த்தார்களா? "இல்லை, பாருங்கள்" என்பது ஒரு கட்சி. "சொல்லவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா?" என்பது எதிர்க்கட்சி. பாவம், பாட்டு நடுவிலே சாட்சிக்கூண்டில் நிற்கிறது. அதைப் பாட்டாகப் படிக்க ஆள் இல்லை.

நான் பட்டம் பெற்ற புலவன் அல்லன். பாலக்காட்டில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். கல்யாணச் சீர் என்று குடமும் அண்டாவும் வாங்க வருகிற குடும்பங்களை நாற்பது வருஷமாகப் பார்த்துவருகிறேன். ஆகவே எனக்குத் தோன்றுகிற கேள்வி வேறு. அந்தக் காலை எப்படிக் கழிந்தது? அதனால் யாருக்கு என்ன மிஞ்சியது? இதைக் கேட்டுக்கொண்டு படித்தால் இந்தப் பாட்டுகள் வேறு மாதிரி பேசுகின்றன.

முதலில் 86ஆம் பாட்டு. உளுந்து சேர்த்துச் சமைத்த களி குவிந்திருக்கிறது. வரிசையாகக் கால் நட்ட பந்தலில் புதுமணல் பரப்பியிருக்கிறார்கள். விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டாயிற்று. திங்கள் ரோகிணியைச் சேர்ந்த நல்ல வேளை, இருள் விலகிய அழகான விடியல். தலையில் குடமும் கையில் புது அகன்ற பாத்திரமுமாகப் பெண்கள் வருகிறார்கள். முதிய பெண்டிர் சளசளவென்று பேசிக்கொண்டே, முன்னால் வேண்டியதை முன்னாலும் பின்னால் வேண்டியதைப் பின்னாலும் முறையாக எடுத்துக் கொடுக்கிறார்கள். கல்யாண வீட்டில் எந்தப் பாத்திரம் எப்போது வேண்டும் என்று தெரிந்த ஒரு பாட்டி இருந்தால் போதும், காரியம் தானாக நடக்கும். இதை எழுதிய கவிஞர் கல்யாண வீட்டின் உள்கட்டைப் பார்த்தவர் என்பது எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு உடனே தெரியும்.

பிறகு மக்களைப் பெற்ற நான்கு பெண்கள் கூடி மணமகளை நீராட்டி, கணவன் விரும்பிப் பேணுகிறவளாக இரு என்று வாழ்த்துகிறார்கள். நீரோடு சொரிந்த பூவிதழும் நெல்லும் அவள் கூந்தலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஊர் அழகையோ செல்வத்தையோ கவிஞர் சொல்லவில்லை. கூந்தலில் ஒட்டிய நெல்லைச் சொல்கிறார்.

இதைச் சொல்கிறவன் யார் என்று கவனித்தோமா? கணவன். எப்போது சொல்கிறான்? மணநாளில் அல்ல. பின்னால் ஒரு நாள், அவன் தப்புச் செய்துவிட்டு வந்து நிற்கிறான், தோழி வாசலில் மறிக்கிறாள். அப்போது அவளிடம் சொல்வதாகத்தான் பாட்டு. 136ஆம் பாட்டும் அப்படியே. மனைவியின் ஊடல் தீரவில்லை, கணவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். அகநானூற்றைத் தொகுத்தவர்கள் பாட்டின் எண்ணிலேயே திணையை வைத்தார்கள். 6, 16, 26 என்று ஆறில் முடிவதெல்லாம் மருதம், அதாவது ஊடல். 86, 136 இரண்டும் அந்த வரிசை. கல்யாணப் பாட்டுகள் என்று நாம் கொண்டாடுகிறவை உண்மையில் சண்டை நாளில் பிறந்த பாட்டுகள்!

எல்லாம் கைவிட்டுப்போன நேரத்தில் அவனிடம் மிச்சம் இருந்த முதல் அந்தக் காலைதான். பந்தலில் தொடங்கி, கடைசியில் அவன் நினைவு போய் நிற்கிற இடம் அன்றிரவு. புத்தாடைக்குள் ஒடுங்கியிருந்தவளிடம், உன் மனசில் நினைத்ததை மறைக்காமல் சொல்லு என்று கேட்கிறான். அவள் வாய் திறக்கவில்லை. உள்ளே மகிழ்ச்சி பொங்கத் தலை குனிகிறாள். அவன் கேட்டான் என்பதும், அவள் மகிழ்ந்தாள் என்பதும்தான் பின்னால் வாசலில் அவன் எடுத்து வைக்கிற முறையீடு.

இனிச் சிலம்புக்கு வருவோம். இளங்கோவடிகள் எங்கள் சமணத் துறவி என்பது மரபு. அதனால் பாரபட்சம் காட்டுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம், ஏனெனில் கண்ணகி கல்யாணத்தை நான் மகிழ்ந்து படிக்க முடிந்ததே இல்லை. அடிகளும் நாம் மகிழ வேண்டும் என்று அதை எழுதவில்லை என்பதே என் கருத்து.

பெண்ணுக்கு வயசு 12, பையனுக்கு 16. யானை மேல் மகளிரை ஏற்றி ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. வயிரத் தூண், நீலப்பட்டு விதானம், முத்துப் பந்தல். அதே ரோகிணி நாள். முதிய பார்ப்பனர் வழிகாட்டத் தீவலம் வருகிறார்கள். இந்த இடத்தில் அடிகள் ஒரு வார்த்தை போடுகிறார். இதைக் காண்கிறவர்கள் என்ன தவம் செய்தார்களோ என்று வியக்கிறார். கண்டவர்கள் பேறு பெற்றார்கள், சரி. மணமக்களுக்கு அந்தக் காலையில் என்ன கிடைத்தது? சொல்லவில்லை. பிரியாமல் இருங்கள், தழுவிய கை நெகிழாமல் இருங்கள் என்று பெண்கள் வாழ்த்துகிறார்கள். அந்த இரண்டும்தான் பின்னால் நடக்காமல் போகின்றன.

அடுத்த காதையில் கோவலன் மனைவியை அள்ளி அள்ளிப் புகழ்கிறான். பொன் என்கிறான், முத்து என்கிறான், கரும்பு, தேன் என்கிறான். ஆனால் உன் மனசில் என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கண்ணகியும் பதில் பேசவில்லை. அகநானூற்றுப் பெண்ணும் பேசவில்லைதானே என்றால், அவளைக் கேட்டான், அவள் உள்ளுக்குள் மகிழ்ந்தாள். இரண்டு மௌனமும் ஒன்றல்ல. பின்னால் கோவலன் திரும்பி வந்தபோதும் சரி, மதுரையில் மனமுருகிப் பேசும்போதும் சரி, அந்த முத்துப் பந்தலை இருவரில் ஒருவரும் நினைத்துச் சொன்னதாக நான் படித்த அளவில் ஓரடி இல்லை. ஊரே பார்த்த கல்யாணம் அந்த இருவர் நினைவில் நிற்கவில்லை. இது அடிகள் மறந்து விட்ட இடம் அல்ல, தெரிந்தே விட்ட இடம்.

நம்ம பக்கத்துக்கு இதில் ஓர் உரிமை உண்டு. கண்ணகி விண்ணேறிய மலை என்று மக்கள் நம்புகிற மங்கலதேவி கோட்டம் இடுக்கியில் குமுளிக்கு மேலே இருக்கிறது. வருஷத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் தமிழரும் மலையாளிகளும் ஏறிப் போகிறோம். கண்ணகியின் கற்பைப் பேசுகிறோம், கோபத்தைப் பேசுகிறோம். பன்னிரண்டு வயசில், யாரும் எதுவும் கேட்காமல் கடந்துபோன அவள் மணநாள் காலையைப் பேசுவதில்லை.

இன்றைக்கு நம் வீட்டுக் கல்யாணங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன? 2024 செப்டம்பர் 8 அன்று குருவாயூரில் ஒரே நாளில் 300க்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன. விடியுமுன்னே நாலு மணிக்குத் தொடங்கினார்கள். கூட்டம் ஒரு குறையல்ல, தெய்வ சந்நிதி எல்லோருக்கும் பொது. மண்டபத்தில் ஒரே ஒரு கல்யாணம் நடக்கும்போதும் இதே அவசரம் இருக்கிறதே, அதுதான் என் கவலை. பெண்ணுக்கு இரண்டு மணிக்கே அலங்காரம். அப்புறம் வீடியோக்காரர் "இங்கே பாருங்க, இன்னொரு தடவை மாலை போடுங்க" என்கிறார். காண்பார் தவம் பெருகிக்கொண்டே போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணவனை இழந்த தாயை மணவறைக்கு வராதே என்று ஒதுக்குகிற வழக்கம் நம்மில் இன்னும் முழுதாகப் போகவில்லை. நீராட்டும் நால்வருக்குப் பிள்ளை பெற்றவர்கள் என்ற நிபந்தனையை 86ஆம் பாட்டும் வைக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காரியத்தை முன்பின் அறிந்து நடத்துகிற மூதாட்டிகளுக்கு முதுமையும் செம்மையும் தவிர வேறு எதையும் கவிஞர் கேட்கவில்லை. தனி ஆளாய் நின்று பெண்ணை வளர்த்த தாய்க்கு அந்த வரிசையில் முதலிடம் தரலாம்.

மணநாள் காலையை நன்றாக ஆக்குவது எப்படி என்று என்னைக் கேட்கிற பெற்றோருக்கு இந்தப் பாட்டையே சொல்லுகிறேன். காலையில் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிஷம், கேமரா இல்லாமல் ஒதுக்குங்கள். வீட்டுப் பெண்கள் தங்கள் கையாலேயே பெண்ணை நீராட்டட்டும். பையனிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "தம்பி, இன்னைக்கு அவளைப் புகழ்றதோட நிறுத்திடாதே, அவ மனசுல என்னன்னு கேளு." என்றாவது ஒரு நாள் கதவு சாத்தியிருக்கும்போது, முத்துப் பந்தலின் போட்டோவைக் காட்டினால் திறக்காது. கூந்தலில் ஒட்டியிருந்த நெல் ஞாபகம் இருக்கிறது என்று சொன்னால் ஒருவேளை திறக்கும்.